எஸ்.பி.டி. (ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர்) போன பிறகு நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு பேங்க்: ஹோல்டிங் கம்பெனி முறை இங்கே சரிப்படுமா?

வேணாட்டு வாத்தியார் (மார்த்தாண்டம்)

எனக்க தங்கச்சி மவன் அமெரிக்காவுல ஒரு சின்ன டவுண்ல வேலை பாக்குதான். போன வாரம் பேசும்போ ஒரு விசயம் சொன்னான். அவன் கணக்கு வச்சிருக்க பேங்க்குக்க பேரு ஒண்ணு, அதுக்கு மேல உள்ள கம்பெனிக்க பேரு வேற ஒண்ணாம். மேல உள்ளது பங்குச்சந்தையில பட்டியலான ஹோல்டிங் கம்பெனி. அது ஒருத்தன்கிட்டயும் நேரடியா டெபாசிட் வாங்காது, லோனும் குடுக்காது. பேங்க்குக்க பங்கை வச்சிருக்கதுதான் அதுக்க சோலி. கீழ உள்ள கிளைகள்ல சிலதுல, வாங்கதுக்கு முந்தி இருந்த ஊர் பேங்க்குக்க பேரையே போர்டுல விட்டு வச்சிருக்காவளாம்.

கேட்டதும் எனக்கு எஸ்.பி.டி.தான் ஓர்மை வந்தது. மேல ஸ்டேட் பேங்க், கீழ திருவாங்கூர் பேங்க். 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி மேல உள்ளது கீழ உள்ளதை எடுத்துக்கிட்டு. அதுக்குப் பொறவு நம்ம குமரி மாவட்டத்துக்குன்னு கை காட்ட ஒரு பேங்க்கு இல்லாத மாதிரி எனக்கொரு தோணல்.

கேள்வி ரெண்டு. இந்த ஹோல்டிங் கம்பெனி முறை நம்ம ஊருக்குச் சரிப்படுமா? ரெண்டாவது சொந்த விசயம். அம்மைக்க பேர்ல மூணு எடத்துல பைசா கெடக்கு: ஒரு அரசு பேங்க்கு, கிராம வங்கி, பிறகு ஊர்ல உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கம். எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டா அலைச்சல் கொறயும்னு அம்மை சொல்லுதா. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய காசாளர் (நாகர்கோவில்)

வாத்தியார் சார், முதல் கேள்விக்கு மட்டும் இப்போ எழுதுகிறேன்.

அமெரிக்காவில் அந்த முறை வந்தது நிர்வாகத் திறமையால் இல்லை. ஒரு பேங்க் தன் மாநிலத்தைத் தாண்டிக் கிளை திறக்கக் கூடாது என்று அங்கே நீண்ட காலம் தடை இருந்தது. சில மாநிலங்களில் ஒரே கட்டடத்துக்கு மேல் கிளையே கூடாது. அப்போது கண்டுபிடித்த குறுக்கு வழிதான் இது: கிளை திறக்க முடியாவிட்டால் பக்கத்து ஊர் பேங்க்கின் பங்குகளை ஒரு கம்பெனி பெயரில் வாங்கிப் போடு. 1956-ல் தனிச் சட்டம் போட்டு இந்தக் கம்பெனிகளை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் கண்காணிப்புக்குள் கொண்டு வந்தார்கள். 1994 சட்டத்துக்குப் பிறகு மாநிலம் விட்டு மாநிலம் கிளை திறப்பதே எளிதாகிவிட்டது. ஆனாலும் ஹோல்டிங் கம்பெனி போகவில்லை. மேலே பங்கும் கடன் பத்திரமும் விற்றுப் பணம் திரட்டி, கீழே பேங்க்குக்கு மூலதனமாக இறக்க அது வசதி. பேங்க் தடுமாறினால் தாய்க் கம்பெனி முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதையும் 2010 சட்டத்தில் எழுதிவிட்டார்கள்.

ஆனால் தாய் வேறு, பிள்ளை வேறு. 2023 மார்ச் 10 அன்று சிலிக்கான் வேலி பேங்க் மூடப்பட்டது. மார்ச் 17 அன்று அதன் ஹோல்டிங் கம்பெனி திவால் மனு போட்டது. டெபாசிட் போட்டவர்களுக்கு அரசு தலையிட்டு முழுப் பணமும் கிடைத்தது. மேல் கம்பெனியின் பங்கை வைத்திருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. போர்டில் ஒரே பேர் என்று இரண்டையும் ஒன்றாக நினைத்தவர்கள் அந்த வாரம் படித்த பாடம் அது.

எஸ்.பி.டி.யை ஹோல்டிங் கம்பெனிக் கணக்கில் சேர்க்க முடியாது. ஸ்டேட் பேங்க் தானே டெபாசிட் வாங்கும் பேங்க். அதன் கீழே இன்னொரு பேங்க், அவ்வளவுதான். 1945-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஆதரவில் தொடங்கிய திருவாங்கூர் பேங்க், 1959 துணை வங்கிகள் சட்டத்தால் 1960-ல் ஸ்டேட் பேங்க்கின் துணை வங்கியானது. தனி இயக்குநர் குழு, தனி நிர்வாக இயக்குநர், திருவனந்தபுரத்தில் தலைமையகம், சந்தையில் தனிப் பங்கு. இணைப்பின்போது 10 எஸ்.பி.டி. பங்குக்கு 22 ஸ்டேட் பேங்க் பங்கு கொடுத்தார்கள்.

இன்னொன்று பலருக்கு நினைவிருக்காது. 1960-களில் எஸ்.பி.டி. தானே பல குட்டி பேங்க்குகளை விழுங்கியது. கொச்சின் நாயர் பேங்க், லத்தீன் கிறிஸ்டியன் பேங்க், கல்தேயன் சிரியன் பேங்க், சம்பக்குளம் கத்தோலிக்க பேங்க். பெயரைப் பார்த்தாலே யார் யாருக்காகத் தொடங்கியது என்று தெரியும். அவர்கள் அன்றைக்கு அழுததைத்தான் நாம் 2017-ல் அழுதோம்.

தோவாளை மருக்கொழுந்து

சார் எழுதினது அருமை. ஆனா வாத்தியார் அண்ணாச்சி மயங்கிப் போன அந்தப் பழைய போர்டு விசயத்துல ஒரு ஓட்டை இருக்கு. நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கேன், அதனால கை துறுதுறுங்குது.

அமெரிக்காவுல டெபாசிட் காப்பீடு (பேங்க் முடங்கினா டெபாசிட் போட்டவருக்குக் கிடைக்கிற தொகை) ஒரு ஆளுக்கு, ஒரு பேங்க்குல, ஒரு வகை உரிமையில (தனிப் பேர்ல, கூட்டுப் பேர்ல மாதிரி) 2,50,000 டாலர். இங்க "ஒரு பேங்க்"னா ஒரு உரிமம். நாலு ஊர்ல நாலு பேர்ல போர்டு தொங்கினாலும் உரிமம் ஒண்ணுன்னா நாலுலயும் போட்ட பணத்தைக் கூட்டி ஒரே 2,50,000-தான். போர்டுக்கு காப்பீடு கிடையாது. அதே ஹோல்டிங் கம்பெனிக்குக் கீழ தனித்தனி உரிமத்தோட ரெண்டு பேங்க் இருந்தா, ரெண்டுக்கும் தனித்தனி.

நம்ம ஊர்லயும் இதே கணக்குதான். 2017-ல காப்பீடு 1 லட்சம். எஸ்.பி.டி.ல 1 லட்சம், ஸ்டேட் பேங்க்ல 1 லட்சம் வச்சிருந்தவருக்கு மார்ச் 31 வரைக்கும் 2 லட்சத்துக்குப் பாதுகாப்பு. இணைஞ்ச பிறகு ரெண்டும் ஒரே பேங்க் கணக்கு. அரசு பேங்க்ங்கிறதால யாரும் பயப்படல, சரி. ஆனா இதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவும் இல்ல.

கொளச்சல்காரன்

காப்பீடு கெடக்கட்டு. லோன் கதையைக் கேளுங்க.

ஒரே மாவட்டத்துல ரெண்டு மீன்பிடித் தடைக்காலம் உள்ளது நம்ம ஊர்ல. சின்னமுட்டத்துல விசைப்படகு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை கட்டிக் கெடக்கும், அது கிழக்குக் கடல் கணக்கு. கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடல் கணக்கு, ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரை. பஸ்ல போனா ஒண்ணு ரெண்டு மணி நேரத் தூரத்துக்குள்ள ரெண்டு சட்டம்.

எனக்கு லோன் தந்த ஒரு பேங்க்குல (பேரு வேண்டாம்) தவணைச் சலுகை கேட்டுப் போனேன். மேனேஜரு நல்ல பையன், வடக்க எங்கயோ உள்ள ஆளு. கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, "உங்க மாவட்டத்துக்கு தடைக்காலம் ஜூன் பாதியிலேயே முடிஞ்சாச்சே" என்கான். வள்ளம் கரையில ஏறி நிக்குதுன்னு போட்டோ காட்டினேன். அவனுக்குப் புரிஞ்சுது, பாவம். ஆனா அவன் கையில ஒண்ணும் இல்ல. மேல எழுதிப் போட்டான். பதில் வரும்போ நான் கடலுக்குப் போயாச்சு.

ஹோல்டிங்கோ கோல்டிங்கோ, இதுக்கு பதில் இருந்தா சொல்லுங்க.

வேணாட்டு வாத்தியார்

கொளச்சல்காரன் தம்பி சொன்னதுதான் எனக்க மனசுல உள்ளதும். எங்க பக்கம் ரப்பரும் அப்படித்தான். வருசத்துல கொஞ்ச காலம் மரம் இலை உதுத்து நிக்கும், பால் இல்ல. அடைமழையில வெட்டு நடக்காது. ஆனா தவணை மட்டும் மாசம் தவறாம அஞ்சாந்தேதி வந்து நிக்கும்.

பழைய காசாளர்

இதில் இரு பக்கமும் பார்த்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிளை மேலாளருக்குக் கடன் கொடுக்கும் அதிகாரம் என்று ஒரு வரம்பு இருக்கும். அந்த வரம்புக்குள் அவர் சரி என்றால் சரிதான். திங்கள்சந்தையில் யார் கடை உண்மையில் ஓடுகிறது, யார் கடையில் முன்வரிசை மட்டும் சரக்கு, பின்னால் காலி டப்பா என்று அவருக்குத் தெரியும். இப்போது பெரும்பாலான பேங்க்குகளில் வீட்டுக் கடனும் தொழில் கடனும் ஒரு மையத்துக்குப் போகின்றன. கிளையில் காகிதம் வாங்கி ஏற்றுவார்கள். கிரெடிட் ஸ்கோர், வருமான வரித் தாக்கல், ஜி.எஸ்.டி. கணக்கு இவற்றைப் பார்த்து, கடைப் படியையே மிதிக்காத ஒருவர் முடிவு சொல்வார். இதில் ஹோல்டிங் கம்பெனி இருக்கிறதா இல்லையா என்பது ஒரு விஷயமே அல்ல. "சரி" என்று சொல்லும் பேனா எந்த ஊரில் இருக்கிறது என்பதுதான் விஷயம். ஹோல்டிங் கம்பெனிக்குக் கீழே உள்ள பேங்க்கும் பேனாவைத் தலைமையகத்தில் வைத்துக்கொள்ளலாம். நாடு முழுக்க உள்ள ஒரே பேங்க்கும் நாகர்கோவில் மேலாளரிடம் பேனாவைக் கொடுக்கலாம்.

பேனா உள்ளூரில் இருந்தபோது எல்லாம் பொற்காலம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். தெரிந்த ஆள் என்று கொடுத்த கடன்தான் பல கிளைகளில் முதலில் மூழ்கியது. சாதி பார்த்து, சபை பார்த்து, பெண் கொடுத்த வீடு பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கிளையில் முகம் தெரியாதவனுக்கு, கணவன் பெயர் சொல்ல முடியாத பெண்ணுக்கு, மையத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் பல நேரம் மேலாளரைவிட நியாயமாக நடக்கிறது. இதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

சந்தைக்குறிப்பு (குழித்துறை, இப்போ சென்னை)

இந்தியாவுக்குள் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு மேலே பேசுவோம்.

ஹோல்டிங் கம்பெனி இங்கேயும் உண்டு. 2013-ல் புதிய பேங்க் உரிமத்துக்கு விண்ணப்பம் கேட்டபோது, தானாக வியாபாரம் எதுவும் செய்யாத நிதி ஹோல்டிங் கம்பெனி வழியாகத்தான் பேங்க் வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நிபந்தனை போட்டது. பந்தன், ஐ.டி.எஃப்.சி. அப்படி வந்தவை. 2016 விதிகளில் வேறு தொழில் இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். பிறகு காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. சென்னையைச் சேர்ந்த ஈக்விட்டாஸ் பேங்க்கில் ஹோல்டிங் கம்பெனியே 2023-ல் பேங்க்குக்குள் கரைந்தது. உஜ்ஜீவன் 2024-ல் அதையே செய்தது. இரண்டு அடுக்கில் இரண்டு பங்கு சந்தையில் ஓடினால் மேல் பங்கு பெரும்பாலும் அதன் கையில் உள்ள பேங்க் பங்கின் மதிப்பைவிடக் குறைவாகத்தான் விலை போகும். அரசு பேங்க்குகளுக்கெல்லாம் மேலே ஒரு முதலீட்டுக் கம்பெனி வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு 2014-ல் பரிந்துரைத்தது. அது இன்றுவரை பரிந்துரையாகவே இருக்கிறது.

வாத்தியார் ஆசைப்படும் "மாவட்ட பேங்க்"குக்கு நேராக ஒரு திட்டமே இருந்தது தெரியுமா? 1996-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த உள்ளூர்ப் பகுதி வங்கித் திட்டம். ஒட்டிய மூன்று மாவட்டங்களுக்குள் மட்டும் இயங்கலாம், குறைந்தபட்ச மூலதனம் 5 கோடி. குமரி, நெல்லை, தூத்துக்குடி என்று கனவு காணலாம். நடந்தது என்ன? நாடு முழுக்க விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வந்தன, தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஜலந்தரில் இருந்த கேபிடல் பேங்க் 2016-ல் சிறுநிதி வங்கியாக (சின்னத் தொகைக் கடன்களுக்கென்று தனி உரிமம் பெற்ற பேங்க்) மாறிப் பிழைத்தது. கோலாப்பூரில் இருந்த சுபத்ரா பேங்க்கின் உரிமம் 2020-ல் ரத்தானது. இன்றைக்குப் புதிதாகச் சிறுநிதி வங்கி தொடங்க 2019 விதிப்படி 200 கோடி வேண்டும். அவ்வளவு பணம் உள்ளவர் மூன்று மாவட்டத்தோடு நிற்க மாட்டார்.

சமுதாய பேங்க்குக்கு நம் பக்கத்து உதாரணம் டி.எம்.பி. (தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்). 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962-ல் பெயர் மாறி, 2022-ல் சந்தையில் பட்டியலானது. நூறு வருடம் தனியாக நின்றதே சாதனை. எதிர் உதாரணம் 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் பேங்க். 2020 நவம்பரில் சிங்கப்பூர் டி.பி.எஸ்.ஸின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு சேர்த்தபோது டெபாசிட் முழுசாகத் தப்பியது, பங்கின் மதிப்பு சுழியம். "நம்ம ஊர் பேங்க்" என்ற பாசத்தில் பங்கு வாங்கியவர்கள் பலர்.

நெய்யூர் நிழல்

பின்தொடர்கிறேன். நாயக் குழு பற்றி முதல் தடவை கேள்விப்படுகிறேன்.

நடத்துநர்

இணைப்பு சரியா தவறா என்று கட்சி அரசியலுக்குள் போன சில பதிவுகளை எடுத்துவிட்டேன். பேங்க் பற்றி மட்டும் பேசுங்கள், மக்களே.

வேணாட்டு வாத்தியார்

சந்தைக்குறிப்பு தம்பி, பாசத்தைப் பத்தி சொன்னதால ஒரு பழங்கதை. 1938-ல நம்ம ஊரு திருவிதாங்கூருக்க உள்ள இருந்த சமயம். திருவிதாங்கூர் நேஷனல் பேங்க்கும் கொல்லம் பேங்க்கும் 1937-ல ஒண்ணாச் சேர்ந்து பெரிய பேங்க்கு ஆச்சு. அடுத்த வருசமே சனம் கூட்டமாப் போய் பைசா எடுக்கத் தொடங்கி, பேங்க்கு கதவை அடைச்சாச்சு. பேங்க்கை நடத்தினவங்க ஜெயிலுக்குப் போனாவ. திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கும் பேங்க்கை நடத்தின மாம்மன் மாப்பிள்ளை கூட்டத்துக்கும் உள்ள பகைதான் காரணம்னு ஒரு கட்சி, பேங்க்குக்க உள்ளயே பலம் இல்லன்னு மறு கட்சி. அந்தத் தர்க்கம் இப்பவும் தீரல.

ஊர்க்காரன் நடத்தின பேங்க்குன்னு நம்பிப் போட்ட பைசாதான் அது. அன்னைக்கு காப்பீடுன்னு ஒண்ணு இல்ல. பொறவு 1960-ல பாலா சென்ட்ரல் பேங்க்கு விழுந்த பிற்பாடுதான் 1962-ல காப்பீடு வந்தது, ஆளுக்கு 1,500 ரூவா.

உரைகல் (தக்கலை)

காசாளர் சார் பேனா எந்த ஊர்ல இருக்குன்னு கேட்டார் இல்லியா? ஒரு லோனுக்கு மட்டும் இன்னும் கிளையிலேயே இருக்கு, நகை லோன்.

எங்க அப்பா ஒரு பேங்க்குல நகை மதிப்பீட்டாளர். சம்பளம் கிடையாது, லோனுக்கு இவ்வளவுன்னு கமிஷன். சின்னப் பிள்ளையில லீவு நாளுல கூடப் போய் உக்காந்திருப்பேன். வளையலைக் குடுத்தா எடுத்த எடுப்புல தராசுல போடமாட்டார். காதுப் பக்கத்துல வச்சு ஒரு குலுக்கு குலுக்குவார். உள்ள அரக்கு இருந்தா சத்தம் வேற மாதிரி வருமாம். பிறகு உரைகல்லுல அந்த நகையால ஒரு கோடு, பக்கத்துல மாற்று (தங்கத்தோட தரம்) தெரிஞ்ச ஊசியால ஒரு கோடு, ரெண்டுக்கும் மேல ஒரு சொட்டு ஆசிட். எந்தக் கோடு முந்தி மங்குதுன்னு பாத்துட்டு, கல்லு எடையைக் கழிச்சு, ஒரு துண்டுச் சீட்டுல எழுதுவார். அந்தச் சீட்டுதான் லோன். உள்ள இருக்கிற ஆபீசர் விலைப் பட்டியலைப் பாத்துப் பெருக்குவார், அவ்வளவுதான் அவருக்கு வேலை.

ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போ பணயம் வைக்க வர்ற அதே வளையல், கிறிஸ்மஸுக்கு முந்தி மீண்டு போகும். எந்த வீட்டு வளையல் மீளும், எது ஏலத்துக்குப் போகும்னு அப்பா முன்னாலேயே சொல்லுவார். சொல்லி என்ன, பேங்க்குல யாரும் அதை எழுதி வைக்கல.

தொழில் லோன் கேட்டா மூணு மாசம் இழுக்கும், தாலிக்கொடியைக் கழற்றிக் குடுத்தா அரை மணி நேரம். அதனால இங்க கடை வைக்கிறதும் நகையில, வள்ளம் நன்னாக்குறதும் நகையில. ரிசர்வ் வங்கி 2025 ஜூன்ல கொண்டுவந்த விதியில, 2.5 லட்சம் வரைக்குமான நகை லோனுக்கு மதிப்புல 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதுக்கு மேல 75. தவணையில்லாம ஒரேயடியா மீட்கிற லோன்னா, கடைசியில கட்ட வேண்டிய வட்டியையும் சேர்த்துத்தான் அந்த சதவீதம். கையில கிடைக்கிறது அதனால சொல்ற அளவுக்கு வராது. 2.5 லட்சத்துக்குள்ளன்னா வருமான விவரம் விரிவாக் கேக்க வேண்டாம்னும் இருக்கு. எங்க பக்கத்துப் பெண்களுக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

கொளச்சல்காரன்

உரைகல் அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. எனக்க வீட்டுல உள்ள ஒரு செயின் வருசா வருசம் ஜூன்ல பேங்க்குல போய்ப் படுத்துக்கிடும். தடைக்காலத்துக்கு உள்ள லோன் அதுதான்.

காசாளர் சார், கிராம வங்கி இதுக்குத்தானே வந்தது? அதுலயும் இதே கதையா?

பழைய காசாளர்

நோக்கம் அதுதான் தம்பி. 1975-ல் தொடங்கிய திட்டம். மூலதனத்தில் மத்திய அரசு 50, மாநில அரசு 15, பொறுப்பேற்ற வங்கி 35 சதவீதம். உன் ஹோல்டிங் கம்பெனிக்கு இந்திய வடிவம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்: மேலே பெரிய கை மூலதனம் போடுகிறது, கீழே வட்டார பேங்க். நம் பக்கம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாண்டியன் கிராம வங்கி, ஐ.ஓ.பி. (இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்) பொறுப்பில் இருந்தது. 2019 ஏப்ரலில் பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. இப்போது தலைமையகம் சேலம், பொறுப்பு இந்தியன் வங்கி. 2025 மே மாதம் நாடு முழுக்கவே மாநிலத்துக்கு ஒரு கிராம வங்கி என்று ஆக்கிவிட்டார்கள். மூலதனத்துக்கும் கம்ப்யூட்டர் செலவுக்கும் அது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் சேலத்தில் கடல் இல்லை.

மாவட்டத்துக்குள்ளேயே தலைமையகம் உள்ளது என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி. தடைக்காலத்துக்கு ஏற்றபடி தவணை அட்டவணை வைக்கச் சொல்லிக் கேட்பதாக இருந்தால், மீனவர் கூட்டுறவு சங்கம் வழியாக அங்கே கேளுங்கள். ஆட்சியர் தலைமையில் நடக்கும் வங்கியாளர் கூட்டத்துக்கும் ஒரு மனு போகட்டும். நம் மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி (மாவட்டத்து பேங்க்குகளை ஒருங்கிணைக்கும் பொறுப்புள்ள பேங்க்) ஐ.ஓ.பி., அங்கே முன்னோடி வங்கி மேலாளர் என்று ஒருவர் இருப்பார். தனி ஆள் மனு கோப்பில் தூங்கும். இரண்டு கரையின் தடைத் தேதியையும் அரசு ஆணையோடு இணைத்து, சங்கத்தின் முத்திரையோடு கொடுத்தால் கூட்டக் குறிப்பில் ஏறும்.

தோவாளை மருக்கொழுந்து

வாத்தியார் அண்ணாச்சிக்க ரெண்டாவது கேள்வியை எல்லாரும் மறந்தாச்சு.

அரசு பேங்க், கிராம வங்கி ரெண்டுக்கும் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில இருந்து ஆளுக்கு, பேங்க்குக்கு 5 லட்சம், அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே பேங்க்குல எத்தனை கிளையில போட்டாலும் கூட்டித்தான் எடுப்பாங்க. அம்மை பேர்ல தனியா ஒண்ணு, அம்மையும் நீங்களும் கூட்டா ஒண்ணுன்னா அது தனித்தனிக் கணக்கு. பேங்க் முடங்கினா காப்பீட்டுத் தொகையை 90 நாளுக்குள்ள தரணும்னு 2021-ல சட்டத்தைத் திருத்தியாச்சு.

கவனிக்க வேண்டியது மூணாவது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்துல போட்ட டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்கு உண்டு, ஊர் சங்கத்துக்கு இல்ல. பாஸ்புக் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க. சங்கம் நல்லா நடக்குதுன்னா நகைக் கடனுக்கும் பயிர்க் கடனுக்கும் அது வேணும், உறுப்பினரா இருங்க. ஆனா அம்மைக்க மருத்துவச் செலவுக்குன்னு வச்ச பணத்தை அங்க முழுசா வைக்க நான் சொல்லமாட்டேன்.

வேணாட்டு வாத்தியார்

ரொம்ப உபகாரம் மக்கா. பெரிய தொகை சங்கத்துலதான் கெடக்கு, அரை சதவீதம் கூடுதல் வட்டின்னு போட்டது. முதிர்வுக்கு முந்தி எடுத்தா வட்டியில பிடிப்பாவளா?

தோவாளை மருக்கொழுந்து

பிடிப்பாங்க. எவ்வளவுன்னு சங்கத்துக்குச் சங்கம் வித்தியாசப்படும், டெபாசிட் ரசீதுக்குப் பின்பக்கம் பாருங்க. முதிர்வுக்கு ரெண்டு மூணு மாசந்தான்னா காத்திருங்க. தானாப் புதுப்பிக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருந்தா அதை மட்டும் இப்பவே போய் மாத்திடுங்க, வாரிசு நியமனம் இருக்கான்னும் ஒரு தடவை பாத்துக்கோங்க.

கொளச்சல்காரன்

காசாளர் சார், மனுவை நான் எழுதிப் போடுதேன், ஒரு தடவை திருத்தித் தாருங்க. சின்னமுட்டத்துல உள்ள ஆளு யாராவது இங்க இருந்தா கை தூக்குங்க. ரெண்டு கரையும் சேந்து குடுத்தாத்தான் எடுபடும்.